குடிசைகளுக்குள் சென்ற கவிதை: கவிஞர் சுஃபியா கமால்

செல்வர் ஈட்டிய செல்வத்தில் ஏழைக்கு ஒரு பங்கு உண்டு. அதைக் கொடுத்துத் தீர்க்கும்வரை அச்செல்வம் தூய்மையாவதில்லை என்பது நம் மார்க்கம் விதித்த நெறி. அவ்வாறே, கற்றவர் பெற்ற கல்வியிலும் கல்லாதவருக்கு ஒரு பங்கு உண்டென்பதைச் சிந்தித்தால் உணரலாம். ஆண்டு முடிந்ததும் பணத்திற்கு ஜகாத் கணக்கிட்டுக் கொடுத்துவிடுகின்ற நாம், கற்ற கல்விக்கு ஜகாத் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்பது அரிது. பட்டம் பெற்றதும் கணக்கு முடிந்ததாகவே எண்ணிவிடுகிறோம்.

பள்ளிக்கூடத்தில் முறையாகப் படிக்கும் வாய்ப்பே கிட்டாத ஒரு பெண்மணி, தாம் ஒளிந்து கற்ற எழுத்துக்கும் ஜகாத் உண்டென்று கருதி, அதை எழுபது ஆண்டுக்காலம் கல்கத்தாவின் குடிசைகளிலும் டாக்காவின் தெருக்களிலும் கொடுத்துத் தீர்த்தார். அவர்தாம் வங்கம் போற்றும் கவிஞர் பேகம் சுஃபியா கமால். அன்னாரின் வரலாற்றைத் தமிழ் பயிலும் நம் மாணவச் செல்வங்கள் அறிந்துகொள்ளுதல் நன்றென்று கருதி, இம்மலரில் சுருக்கமாக வரைய முற்படுகிறோம்.

மாளிகையும் மறைவும்

கிழக்கு வங்கத்தின் பாரிசால் மாவட்டத்தில் ஷாயிஸ்தாபாத் என்பது ஆறுகள் சூழ்ந்த ஓர் ஊர். அங்கிருந்த தம் தாய்வழிப் பாட்டனாரின் மாளிகையில் 1911ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் சுஃபியா பிறந்தார். தந்தையார் சையது அப்துல் பாரி வழக்கறிஞர். சுஃபியா கைக்குழந்தையாய் இருந்தபோதே, தந்தையார் உலகப் பற்றைத் துறந்து ஸூஃபிகளின் வழியை நாடி வீட்டைவிட்டு வெளியேறினார். திரும்பி வரவில்லை. தாயார் சாபெரா அம்மையார் தம் மக்களுடன் பிறந்தகத்திலேயே வாழ வேண்டியவரானார். செல்வம் கொழித்த மாளிகைதான். எனினும் தந்தை இல்லாத பிள்ளைகளுக்கு அது பிறர் நிழலே. கொடுப்பவரின் நிலையையும் பெறுபவரின் நிலையையும் ஒரே வீட்டிற்குள் கண்டு வளர்ந்தவர் சுஃபியா. அவருடைய பிற்கால வாழ்வை விளங்கிக்கொள்ள இச்செய்தி நமக்கு மிகவும் உதவும்.

அம்மாளிகையில் பேசப்பட்ட மொழி உருது. அரபும் பாரசீகமும் மதிக்கப்பட்டன. பெண்மக்கள் கோஷா முறையில் அந்தப்புரத்திற்குள் வளர்ந்தனர். திருக்குர்ஆன் ஓதவும் உருது படிக்கவும் பழகினர். ஆற்றங்கரையில் ஓடம் செலுத்துபவனும் வயலில் நாற்று நடுபவளும் பேசிய வங்கமொழிக்கு உள்வீட்டில் இடமில்லை. அது குடியானவர் மொழி என்பது அந்நாளைய உயர்குடியினர் பலரின் எண்ணம். இஸ்லாத்தை வாழ்நெறியாகவும் தமிழைத் தாய்மொழியாகவும் கொண்டு, இரண்டிற்கும் முரண்பாடு காணாது வாழும் நமக்கு இந்நிலை வியப்பளிக்கலாம். வங்கத்து முஸ்லிம்களோ தாய்மொழியைத் தம் வீட்டிற்குள் கொண்டுவருவதற்கே போராட வேண்டியிருந்தது.

அந்தப் போராட்டத்தைச் சிறுமி சுஃபியா தம் தாயாரின் மடியிலேயே தொடங்கினார். தாயார் மகளுக்கு வங்க எழுத்துகளைக் கற்பித்தார். மாளிகையில் மாமா சேர்த்து வைத்திருந்த பெரிய நூலகத்திலிருந்து நூல்களை மறைவாக எடுத்துப் படித்துத் தம் அறிவைப் பெருக்கினார் மகள். பள்ளி செல்ல வேண்டும் என்று அடம்பிடித்த சிறுமிக்கு ஆண்பிள்ளைபோல் உடை உடுத்தி, தலையில் குல்லா அணிவித்துச் சில காலம் அனுப்பி வைத்தார்கள் என்பது அவர் வாழ்வில் மறக்கவொண்ணாத நிகழ்ச்சி. பெண் என்று தெரிந்தால் மூடப்படும் கதவு, ஆண் உடையைக் கண்டதும் திறந்தது! சிரிப்பதற்குரிய செய்தியாகத் தோன்றினும், இதனுள் ஒரு சமுதாயத்தின் கண்ணீர் இருக்கிறது.

ஓர் ஆசிரியையின் வருகை

சுஃபியா பிறந்த அதே 1911ஆம் ஆண்டில், கல்கத்தா நகரில் எட்டே மாணவியருடன் ஒரு பள்ளி திறக்கப்பட்டது. கணவரை இழந்த பேகம் ரொகையா, அவர் விட்டுச்சென்ற பொருளைக் கொண்டு நிறுவிய சகாவத் நினைவுப் பெண்கள் பள்ளி அது. முஸ்லிம் பெண்குழந்தைகளைப் படிக்க அனுப்புமாறு வீடுவீடாகச் சென்று பெற்றோரைக் கெஞ்சியும், கோஷா முறைக்கு ஊறு நேராதவாறு திரையிட்ட வண்டிகளில் பிள்ளைகளை அழைத்து வந்தும் அவ்வம்மையார் பட்ட பாடு பெரிது.

1918ஆம் ஆண்டில் தாயாருடன் கல்கத்தா சென்ற ஏழு வயதுச் சுஃபியா, அங்கு ரொகையா அம்மையாரை முதன்முதலாகக் கண்டார். அப்பள்ளியில் சேர்ந்து பயிலும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. ஆயினும் ஒரு முஸ்லிம் பெண் நூல் எழுதலாம், பள்ளி நடத்தலாம், ஊராரின் ஏச்சைத் தாங்கி நிமிர்ந்து நிற்கலாம் என்பதற்கு உயிருள்ள சான்றை அச்சிறுமி கண்ணாரக் கண்டார். ஒருவரை ஒருமுறை பார்ப்பதே ஒரு படிப்பாக அமைவதும் உண்டு.

அந்நாள் வழக்கப்படி, ஏறத்தாழப் பன்னிரண்டு வயதில் சுஃபியாவுக்குத் திருமணம் நிகழ்ந்தது. மணமகன் உறவினரான சையது நெஹால் ஹுசைன், சட்டம் பயின்ற இளைஞர். மணவாழ்வு பல பெண்களுக்குக் கல்வியின் முடிவாக இருந்த காலத்தில், சுஃபியாவுக்கு அது கல்வியின் தொடக்கமாயிற்று. கணவர் மனைவியின் எழுத்தார்வத்தைக் கண்டு மகிழ்ந்தார். இதழ்களையும் நூல்களையும் கொண்டுவந்து கொடுத்தார். இருவரும் பாரிசால் நகரில் குடியேறினர். 1923இல் அங்கிருந்து வெளிவந்த ‘தருண்’ என்னும் இதழில், படைவீரன் ஒருவனின் மனைவியைப் பற்றிய அவருடைய முதற்கதை அச்சாயிற்று. 1926இல் கல்கத்தாவின் ‘ஸவ்காத்’ இதழ் ‘பாஸந்தி’ என்னும் அவருடைய முதற்கவிதையை வெளியிட்டது. அவ்விதழின் ஆசிரியர் முகம்மது நசிருத்தீன், முஸ்லிம் பெண்கள் எழுத முன்வர வேண்டும் என்று தளராது உழைத்தவர். அவருடைய ஊக்கம் இக்கவிஞரின் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

எழுத்துடன் தொண்டும் பாரிசாலிலேயே தொடங்கிற்று. தாய்மார், குழந்தைகள் ஆகியோரின் நலம் பேண அந்நகரில் இயங்கிய ‘மாத்ரி மங்கள்’ அமைப்பில் இளம்பெண்ணான சுஃபியா சேர்ந்தார். 1925ஆம் ஆண்டில் காந்தியடிகள் பாரிசாலுக்கு வந்தபோது அவரைச் சந்தித்தார். அதன்பின் பட்டும் நகையும் விலகின. எளிய உடையே அவர் உடையாயிற்று. முதுமையில் அவரைக் கண்டோர் அனைவரும் நினைவுகூர்கின்ற அந்த எளிய சேலையின் வரலாறு இங்கிருந்து தொடங்குகிறது.

குடிசைகளின் வாயிலில்

கணவரின் படிப்பின் பொருட்டுக் குடும்பம் கல்கத்தா சென்றது. அந்நாளைய கல்கத்தாவில் ஒருபுறம் வெள்ளையர் மாளிகைகளும் வணிக நிலையங்களும் ஓங்கி நின்றன. மறுபுறம் ‘பஸ்தி’ எனப்பட்ட குடிசைப் பகுதிகள் நெருங்கிக் கிடந்தன. நிலத்துக்குரியவர் ஒருவர்; அந்நிலத்தை வாடகைக்கு எடுத்துக் குடிசைகளைக் கட்டியவர் மற்றொருவர்; அக்குடிசையின் ஒவ்வோர் அறைக்கும் வாடகை கொடுத்துக் குடும்பத்துடன் ஒடுங்கி வாழ்ந்தவர் கூலித்தொழிலாளி. தண்ணீர்க் குழாய்க்கும் கழிவுநீர்ச் சாக்கடைக்கும் இம்மூவரில் எவரும் பொறுப்பேற்காத அமைப்பு அது. சணல் ஆலைகளிலும் துறைமுகத்திலும் உழைத்தவர்களும், வண்டி இழுத்தவர்களும், வீட்டுவேலை செய்தவர்களும் அங்கே குடியிருந்தனர். பீகாரிலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் பிழைப்பு நாடி வந்த முஸ்லிம் குடும்பங்கள் அவர்களுள் மிகப் பல.

பேகம் ரொகையா 1916இல் ‘அஞ்சுமன்-ஏ-கவாதீன்-ஏ-இஸ்லாம்’ என்னும் முஸ்லிம் மாதர் சங்கத்தை நிறுவியிருந்தார். பள்ளிக்கு வர இயலாத ஏழைப் பெண்களிடம் பள்ளியே செல்ல வேண்டும் என்பது அச்சங்கத்தின் கொள்கை. சங்கத்தின் பெண்கள் சிறு குழுக்களாகக் குடிசைப் பகுதிகளுக்குச் சென்றனர். எழுத்தறிவித்தல், உடலையும் இருப்பிடத்தையும் தூய்மையாக வைத்துக்கொள்ளும் முறை, குழந்தை வளர்ப்பு ஆகியவற்றை அங்குள்ள தாய்மாருக்குக் கற்பித்தனர். ஆதரவற்ற விதவையருக்கு உதவியும், ஏழைப் பெண்களின் திருமணத்திற்குத் துணையும் அச்சங்கத்திலிருந்து கிடைத்தன. கவிஞர் சுஃபியா இக்குழுவினருள் ஒருவரானார்.

இந்நிகழ்ச்சியின் அருமையை இன்று நாம் எளிதில் உணர்ந்துவிட இயலாது. திரைக்குள் வளர்ந்த நவாபு குடும்பத்துப் பெண், சேறு படிந்த சந்துக்குள் நடந்து சென்று, முன்பின் அறியாத ஒருத்தியின் குடிசை வாயிலில் அமர்கிறார். வெளியே செல்பவள் என்று தம் குலத்தார் ஒருபுறம் பழிக்கின்றனர். மாளிகைப் பெண்ணுக்கு இங்கே என்ன வேலை என்று குடிசையில் உள்ளோர் மறுபுறம் ஐயுறுகின்றனர். இரண்டு ஐயங்களுக்கும் இடையே நின்று பணி செய்தல் எளிதன்று.

இங்கே நமக்கு ஓர் எண்ணம் தோன்றுகிறது. கல்கத்தாவின் ஏழை முஸ்லிம்கள் பலர் பேசியதும் உருதுவும் இந்துஸ்தானியுமே. மாளிகையின் பெருமைக்காகக் கற்பிக்கப்பட்ட அதே உருது, குடிசைவாழ் தாய்மாருடன் உரையாடுவதற்கு அவருக்குக் கைகொடுத்திருக்கும் என்று நாம் கருதலாம். மறைவாகக் கற்ற வங்கமொழி அவரைக் கவிஞராக்கியது. வீட்டில் கற்ற உருது அவரை ஏழைகளிடம் கொண்டு சேர்த்தது. கற்ற எதுவும் வீண்போவதில்லை, அதைக் கொண்டு செல்லும் கால்கள் இருக்குமாயின்!

இருண்ட ஆண்டும் எழுந்த ஒளியும்

1932ஆம் ஆண்டு கவிஞரின் வாழ்வில் இருண்ட ஆண்டு. கணவர் நெஹால் ஹுசைன் நோயுற்று இளமையிலேயே மறைந்தார். அவ்வாண்டு டிசம்பர் 9ஆம் நாள் ஆசிரியைக்கு ஒப்பான பேகம் ரொகையாவும் இவ்வுலகைப் பிரிந்தார். இருபத்தொரு வயதில், கையில் ஒரு பெண்குழந்தையுடன், சம்பாத்தியம் ஏதுமின்றிச் சுஃபியா தனித்து நின்றார். பிறந்தகத்தின் நிழலில் ஒதுங்கி வாழ்வது அவர் குலத்து விதவையருக்கு வகுக்கப்பட்டிருந்த வழி. தம் தாயார் வாழ்ந்த வாழ்வும் அதுவே. அவ்வழியைச் சுஃபியா ஏற்கவில்லை. உழைத்து உண்பதென்று முடிவு செய்தார்.

கையில் சான்றிதழ் ஒன்றும் இல்லை. எனினும் அவருடைய புலமையை அறிந்தோர் உதவியால், 1933இல் கல்கத்தா மாநகராட்சியின் தொடக்கப்பள்ளியில் ஆசிரியைப் பணி கிட்டிற்று. தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் 1924இல் மாநகர முதல்வரானபின் ஏழைப் பிள்ளைகளின் இலவசக் கல்விக்காக மாநகராட்சி ஊக்கத்துடன் வளர்த்தவை அத்தகைய பள்ளிகள். பள்ளிக்குச் செல்ல ஆண் உடை அணிய நேர்ந்த சிறுமி, இப்போது அதே பள்ளியறையின் கரும்பலகைக்கு முன் ஆசிரியையாக நின்றார். 1941 வரை அப்பணியைச் செய்தார். குடிசைப் பகுதிக்குத் தொண்டராகச் சென்றவர், இப்பொழுது அவர்களைப்போலவே மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவிடும் ஒருவராகவும் ஆனார். ஏழைகளுக்குச் செய்யும் உதவி மேலிருந்து கீழே போடும் காசு அன்று, பக்கத்தில் இருப்பவருக்கு நீட்டும் கை என்பதை இந்த ஆண்டுகளே அவருக்குக் கற்பித்தன என்று நாம் கருதுகிறோம்.

இத்துயரின் நடுவில்தான் அவருடைய கவிதை முதிர்ந்தது. ‘கேயார் காண்டா’ (தாழை முள்) என்னும் கதைத்தொகுதி 1937இல் வெளிவந்தது. 1938இல் ‘சாஞ்சேர் மாயா’ (அந்தி மாயை) என்னும் முதற் கவிதைத்தொகுதி வெளியாயிற்று. அதற்கு முன்னுரை எழுதியவர் புரட்சிக் கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாம். மகாகவி தாகூரும் அக்கவிதைகளைப் பாராட்டினார். வசந்தம் வந்து வாயிலில் நிற்கிறது. பாடுமாறு கவிஞரை வேண்டுகிறார்கள். அவர் நெஞ்சமோ வெறுங்கையுடன் பிரிந்துபோன பனிக்காலத்தையே எண்ணி ஏங்குகிறது என்னும் பொருளமைந்த அவருடைய கவிதை ஒன்று, வங்கதேசத்து மாணவர்கள் பலரும் பாடநூலில் படித்தறிந்தது. வந்தவரைப் பாடுவது உலக இயல்பு. போனவரையும் மறக்கப்பட்டவரையும் நினைப்பது அவருடைய இயல்பு. அவருடைய கவிதைக்கும் தொண்டுக்கும் ஊற்று ஒன்றே என்று நாம் கூறுவதற்கு இக்கவிதையே போதிய சான்று.

1939இல் சிட்டகாங்கைச் சேர்ந்த கமாலுத்தீன் அகமது கான் அவரை மறுமணம் புரிந்தார். அன்றுமுதல் உலகம் அவரைச் சுஃபியா கமால் என்று அறியலாயிற்று. மனைவியின் எழுத்துக்கும் பொதுப்பணிக்கும் உறுதுணையாக அவர் 1977இல் மறையும்வரை விளங்கினார்.

1946 ஆகஸ்டில் கல்கத்தாவை வகுப்புக் கலவரத் தீ சூழ்ந்தது. எந்தக் கலவரத்திலும் முதலில் எரிவது ஏழையின் கூரையே. வீடிழந்தோர்க்காக லேடி பிராபோர்ன் கல்லூரியில் அமைந்த புகலிடத்தில் சுஃபியா கமால் தொண்டாற்றினார். மறு ஆண்டு, 1947 ஜூலை 20ஆம் நாள், நசிருத்தீன் ‘பேகம்’ என்னும் மாதர் வார இதழைத் தொடங்கியபோது, அதன் முதல் ஆசிரியராகச் சுஃபியா கமாலையே அமர்த்தினார். பெண்கள் எழுதவும் தம் படத்துடன் அச்சில் தோன்றவும் அஞ்சிய காலத்தில், அவ்விதழ் வங்க முஸ்லிம் பெண்களுக்கு ஒரு பொதுமன்றமாயிற்று.

டாக்காவில்

நாடு பிரிந்தபின், 1947 அக்டோபரில் குடும்பத்துடன் டாக்கா சென்றார். புதிய தலைநகராகிய அந்நகருக்கு அகதிகள் வந்து குவிந்தனர். இருந்த சிறுபான்மையினர் அச்சத்துடன் வெளியேறினர். அவ்வேளையில் இந்து முஸ்லிம் நல்லிணக்கத்திற்காக அமைக்கப்பட்ட அமைதிக் குழுவில் சேர்ந்து, மக்களிடையே சென்று பணியாற்றினார். 1948இல் கிழக்குப் பாகிஸ்தான் மாதர் சங்கத்தின் தலைமை அவரிடம் வந்தது. நகரின் வாரிப் பகுதி மாதர் சங்கத்திலும், டாக்கா நகரக் குழந்தைகள் பாதுகாப்புச் சங்கத்திலும் தலைமை ஏற்று உழைத்தார். 1956இல் ‘கச்சி காஞ்சார் மேளா’ என்னும் சிறுவர் அமைப்பு அவருடைய இல்லத்திலேயே உருவாயிற்று.

1952ஆம் ஆண்டு மொழிப் போராட்டத்தில் மாணவர்களுக்கு ஆதரவாகப் பெண்களைத் திரட்டி நின்றார். 1961இல் தாகூர் நூற்றாண்டைக் கொண்டாட அரசு தயங்கியபோது, துணிந்து முன்னின்றார். அதன் விளைவாகத் தோன்றிய ‘சாயாநட்’ என்னும் கலைக்கழகத்தின் முதல் தலைவரும் அவரே. தாகூரை நேசிப்பதால் தம் ஈமானுக்குக் குறை நேரும் என்று அவர் கருதியதில்லை. தொழுகையைப் பேணியவர், இறைவனையும் திருநபியையும் புகழ்ந்து பாடியவர் அவர். பற்றுறுதி உள்ளவருக்கு அச்சம் தேவையில்லை என்பதை வாழ்ந்து காட்டினார்.

அவருடைய துணிவுக்கு ஒரு நிகழ்ச்சியை இன்றும் சொல்வார்கள். குடியரசுத் தலைவர் அயூப்கான் டாக்காவில் அறிஞர்களைச் சந்தித்தபோது, அந்நாட்டு மக்களை விலங்குகள் என்று இழித்துரைத்தாராம். அவையினர் வாயடைத்திருக்க, அப்படியானால் தாங்கள் விலங்குகளுக்குத் தலைவர் அல்லவா என்னும் கருத்துப்பட அம்மையார் விடையிறுத்தாராம். 1961இல் அரசு தமக்கு அளித்த விருதை 1969இல் மக்கள் எழுச்சியின்போது அவர் துறந்தார். குடிசைவாழ் ஏழை ஒருத்தியின் முன் பணிந்து அமர்ந்தவர், ஆட்சியாளரின் முன் பணிய மறுத்தார்.

1970 ஏப்ரல் 4ஆம் நாள் ‘மகிளா பரிஷத்’ என்னும் மாதர் பேரவை தோன்றிற்று. அதன் தலைமையை வாழ்நாள் இறுதிவரை அவர் வகித்தார். அவ்வாண்டு நவம்பரில் கடலோர மாவட்டங்களைப் பெரும்புயல் அழித்து, மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபோது, அறுபதை நெருங்கிய கவிஞர் நிவாரணப் பொருள்களுடன் அங்கு விரைந்தார். 1971 போரின் ஒன்பது மாதங்களும் டாக்காவின் தான்மண்டியில் உள்ள தம் வீட்டிலேயே இருந்தார். வீடு கண்காணிக்கப்பட்டது. ஆயினும் நகரைவிட்டு வெளியேறுவோர் ஒப்படைத்துச் சென்ற பங்கீட்டு அட்டைகளைக் கொண்டு உணவுப்பொருள் வாங்கிச் சேர்த்து, தேவைப்பட்டோருக்கு அனுப்பி வந்தார். அவருடைய மகளிர் இருவர் திரிபுராவில் அமைந்த கள மருத்துவமனையில் தொண்டு செய்தனர். போருக்குப் பின், மானம் இழந்தவர் என்று உற்றாராலும் ஒதுக்கப்பட்ட பெண்களின் மறுவாழ்வுக்கு அவர் பாடுபட்டார். அப்பெண்களைப் பாவிகளாகக் கருதாது, புதல்வியராகக் கருதி அணைத்துக்கொண்ட கரங்கள் அவருடையவை.

பேரவையின் பணிகளுள் ஒன்றை நம் பகுதிப் பெரியோர் சிறப்பாகக் கருதிப் பார்த்தல் வேண்டும். மணமகன் மணமகளுக்கு மஹர் கொடுப்பதே நம் மார்க்க முறை. அதைப் புறந்தள்ளி, பெண் வீட்டாரிடம் வரதட்சணை கேட்கும் கொடுமை வங்கத்திலும் வேரூன்றியிருந்தது. அதற்கு எதிராகப் பேரவை ஊர்தோறும் கையொப்பம் திரட்டி இயக்கம் நடத்தியது. 1980இல் வங்கதேச அரசு வரதட்சணைத் தடைச் சட்டம் இயற்றியதற்கு அவ்வியக்கமும் ஒரு காரணம். துன்புற்று வீட்டைவிட்டு வெளியேறிய பெண்களுக்காகப் பேரவை டாக்காவில் திறந்த புகலிடத்திற்கு ‘ரொகையா சதன்’ என்று பெயர். ஏழு வயதில் கண்ட ஆசிரியையை அவர் எழுபது வயதுக்குப் பின்னும் மறக்கவில்லை. டாக்காப் பல்கலைக்கழக மகளிர் விடுதிக்கு ரொகையாவின் பெயர் சூட்டப்பட வேண்டுமென முன்பே பாடுபட்டு வென்றவரும் அவரே.

இறுதிப் பயணம்

ஏச்சும் அச்சுறுத்தலும் அவரை முதுமையிலும் விடவில்லை. பெண்களின் உரிமையைப் பேசினார் என்பதற்காகவே மார்க்கத்திற்கு எதிரானவர் என்று தூற்றியோர் உண்டு. அவருடைய கருத்துகள் எல்லாவற்றையும் எல்லோரும் ஏற்க வேண்டுவதில்லை. ஆனால் பசித்தவளுக்கு உணவும், எழுத்தறியாதவளுக்கு எழுத்தும் கொண்டு சென்ற ஒருவரைப் பழிக்கும்முன், அவர் சென்ற குடிசைகளுக்கு நாம் சென்றிருக்கிறோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டாமா? அம்மையார் எவரையும் திருப்பித் தூற்றியதில்லை. 1990இல் மக்களாட்சிக்கான போராட்டத்தின்போது, எண்பதை நெருங்கிய அகவையில் ஊரடங்குச் சட்டத்தையும் மீறி அமைதி ஊர்வலத்தில் முன்னே நடந்தார்.

1962இல் வங்க அகாதமி விருது, 1976இல் ‘ஏகுஷே’ விருது, 1997இல் விடுதலை நாள் விருது எனப் பல சிறப்புகள் அவரைத் தேடி வந்தன. ஆயினும் சிறியவரும் முதியவரும் அவரை ‘காலாம்மா’, அதாவது தாயின் உடன்பிறந்தாள் என்று அழைத்ததே அவர் பெற்ற பட்டங்களுள் தலையாயது என்போம்.

1999 நவம்பர் 20ஆம் நாள், எண்பத்தெட்டு வயதில் அவர் இறையடி சேர்ந்தார். முழு அரசு மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்ட முதல் வங்கதேசப் பெண்மணி அவரே. டாக்காவின் ஆசிம்பூர் அடக்கத்தலத்தில் மண்ணோடு மண்ணாக அமைதி கொண்டுள்ளார். இன்று டாக்காப் பல்கலைக்கழகத்தில் ரொகையாவின் பெயரால் ஒரு மகளிர் விடுதியும், சுஃபியா கமாலின் பெயரால் மற்றொரு மகளிர் விடுதியும் உள்ளன. நாட்டின் தேசியப் பொது நூலகமும் சுஃபியாவின் பெயர் தாங்கி நிற்கிறது. மாமாவின் நூலகத்தில் மறைந்து படித்த சிறுமியின் பெயரால், எவரும் மறையாது சென்று படிக்க ஒரு நூலகம்! இறைவன் ஒருவருக்கு அளிக்கும் கைம்மாறு எத்தகையது என்று எண்ணி நாம் வியக்கிறோம்.

நிறைவாக ஒன்று

மாணவக் கண்மணிகளே! இக்கல்லூரியின் வகுப்பறைகளும் நூலகமும், முன்னோர் பலர் தம் செல்வத்தில் பங்கு கொடுத்ததால் எழுந்தவை. உங்களுள் எவரும் மாற்றுடை அணிந்து பள்ளி சேர வேண்டியிருக்கவில்லை. எந்த நூலையும் ஒளித்துவைத்துப் படிக்க வேண்டியதில்லை. அவ்வளவு எளிதாகக் கிட்டிய கல்வி, அதைப் பெறாதவருக்கு நாம் பட்ட கடனையும் அந்த அளவிற்குப் பெரிதாக்குகிறது. நம் ஊரிலும் குடிசைப் பகுதிகள் உண்டு. வங்கியின் படிவத்தை நிரப்பத் தெரியாமல் பிறர் முகம் பார்த்து நிற்கும் தாய்மாரும், படிப்பை இடையில் விட்டுக் கடைவேலைக்குச் செல்லும் சிறுவரும் நாம் நாள்தோறும் கடந்து செல்லும் தெருவிலேயே இருக்கின்றனர்.

பெரியோர்களே! நம் வீட்டுப் பெண்மக்களின் கல்வியை எந்த வயதோடு நிறுத்துவது என்று கணக்கிடும்போது, சாபெரா அம்மையாரை ஒருகணம் நினைத்துப் பாருங்கள். கணவர் துணையின்றிப் பிறந்தகத்தில் ஒதுங்கியிருந்த அத்தாய், தம் மகளுக்குக் கற்பித்தது சில எழுத்துகளே. அச்சில எழுத்துகள் கல்கத்தாவின் குடிசைகளில் விளக்காகவும், டாக்காவின் தெருக்களில் நீதிக்குரலாகவும், ஒரு நாட்டின் பாடநூலில் கவிதையாகவும் விரிந்தன. ஒரு பெண்ணுக்கு எழுத்தறிவிப்பவர் எத்தனை பேருக்கு எழுத்தறிவிக்கிறார் என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான்.

கவிஞர் சுஃபியா கமால் தம் கல்விக்குரிய ஜகாத்தைக் கொடுத்துத் தீர்த்துவிட்டுச் சென்றார். நம்முடைய கணக்கு இன்னும் தீராமல் இருக்கிறது. அதைத் தீர்க்கும் நல்வாய்ப்பையும் நல்லுள்ளத்தையும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.